சிக்னல் கிடைக்கும் மலை

அந்த வருடம் மார்ச் பிரேக்குக்கு, இங்கே கனடாவில் வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்கு, எந்த ஸ்கீ மலைக்குப் போவது என்று முடிவு செய்ய எனக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது. அங்கே செல்போன் வேலை செய்யுமா? மற்றத் தாய்மார் பனி எப்படி, பழகுகிற பிள்ளைகளுக்குத் தனி இடம் இருக்கிறதா, சாப்பாடு என்ன என்று கேட்டிருப்பார்கள். நான் மூன்று இடங்களுக்குப் போன் எடுத்து மூன்றிலும் இதைத்தான் முதலில் கேட்டேன். ஒரு இடத்தில் எடுத்த பெடியன் சிரித்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் அவனைத் தமிழிலேயே நாலு பேச்சுப் பேசிவிட்டு வைத்தேன். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

வன்னியில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. என்னுடைய தங்கை அங்கேதான் அகப்பட்டுக் கிடந்தாள். கல்யாணம் முடித்து வன்னிக்குப் போனவள். அவளும் புருஷனும், நான் படத்தில் மட்டும் பார்த்த ஒரு சின்ன மகளும். ஒவ்வொரு ஊராக விட்டுவிட்டு, கடைசியில் கடற்கரையோரமாக ஒரு துண்டு மணலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே யாரிடமோ ஒரு சற்றலைட் போன் இருந்தது. வரிசையில் நின்றால் இரண்டு நிமிடம் பேசலாம். எங்களுக்குக் காலை நேரங்களில் அவள் எடுப்பாள். "இருக்கிறம் அக்கா" என்பாள். என் மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாளா என்று கேட்பாள். அதற்குள் பின்னால் நிற்கிற சனம் சத்தம் போடத் தொடங்கிவிடும்.

அவளிடம் இரண்டு இலக்கங்கள் இருந்தன. ஒன்று எங்கள் வீட்டு இலக்கம். மற்றது, பக்கத்திலேயே மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் பெரியம்மாவின் மகனுடையது. எங்கள் இருவருக்கும் அவர் அண்ணை. எங்கள் வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் அவள் அண்ணைக்கு எடுப்பாள், அவர் அந்தப் போன் கோலை வைத்துக்கொண்டே எனக்கும் எடுத்து மூன்று பேரையும் ஒன்றாகக் கொழுவிவிடுவார். ஸ்காபரோவில் அப்போது எல்லா வீட்டிலும் யாரோ ஒருவருக்கு இந்த வேலை இருந்தது. எங்கள் குடும்பத்துக்கு அண்ணை.

வீட்டில் விடிந்ததிலிருந்து ரிவி ஓடும். என் கணவர் வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு, பதாகையைத் தூக்கிக்கொண்டு டவுன்ரவுனுக்குப் போய் ரோட்டோரம் நிற்பார். கல்யாணங்களைத் தள்ளிப்போட்டார்கள். பிறந்தநாள் ஹோல்களைக் கான்சல் பண்ணினார்கள். ஒருவர் வீட்டில் சிரித்துப் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்த காலம் அது. நான் சொல்வதை மிகை என்று நினைப்பவர்கள் அந்த வருடம் எங்களோடு இருந்திருக்க மாட்டார்கள்.

மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக அவளுக்கு ஸ்கீ ஆசை. முதல் வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கட்டாயம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வருடம் இப்படி விடிந்தது. அவள் கொப்பி ஒன்றில் மூன்று மலைகளை வரிசைப்படுத்தி எழுதி வைத்திருந்தாள். முதலாவது மலைக்குப் பக்கத்தில் நீச்சல் குளம் வரைந்திருந்தாள், மூன்றாவதுக்குப் பக்கத்தில் ஒரு கவலை முகம். தை மாதம்வரை அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள், பிறகு அதைப்பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாள். பிள்ளை நச்சரிக்கவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாசிக் கடைசியில் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். மார்ச் பிரேக்குக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லியிருக்கிறார். மற்றதுகள் புளோரிடா, பாட்டி வீடு, படம் பார்ப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. என்னுடையது ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. நாங்கள் ஒரு போன் கோலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். அவ்வளவுதான். ரீச்சர் மெதுவாக, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டார். நான் ஓம், நலம் என்று சொல்லிவிட்டுக் காருக்குள் வந்து இருந்து அழுதேன்.

அன்று பின்னேரமே கணவரிடம் சொன்னேன், பிள்ளையை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்று. அவர் ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, தனக்கு லீவு கேட்க முடியாது, நீங்கள் இரண்டு பேரும் ஒரு இரவு நின்றுவிட்டு வாருங்கள் என்றார். தங்கை எடுத்தால் என்ன செய்வது என்று இருவருமே கேட்கவில்லை. இருவர் மனதிலும் அதுதான் இருந்தது. அவர் வேலை செய்த இடத்தில் உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அதனால்தான் சிக்னல். வீட்டுப் போனுக்கு வருகிற கோல்களை என் செல்போனுக்குத் திருப்பிவிடலாம் என்று கண்டுபிடித்தேன். அதற்கொரு கோட் இலக்கம் இருந்தது. செல்போன் வேலை செய்கிற இடமாக மட்டும் இருந்தால் போதும். மகளின் பட்டியலில் முதலாவது மலைக்கு மூன்று மணி நேர ஓட்டம். சிக்னல் இருக்கும், ஆனால் விட்டுவிட்டு வரும் என்றார்கள். இரண்டாவது மலை பள்ளத்தாக்குக்குள் இருந்தது. படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. அங்கே எடுத்த பெண், இங்கே போனே கிடையாது, அதற்காகத்தான் சனம் இங்கே வருகிறது என்று பெருமையாகச் சொன்னாள். மூன்றாவது, பரி நகருக்கு வடக்கே, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். அதை மலை என்று சொன்னால் மலைக்கே வெட்கம் வந்துவிடும். ஆனால் அதன் உச்சியிலேயே ஒரு போன் ரவர், சிக்னல் கோபுரம், நின்றது. மார்ச் நடுவில் அங்கே பனி கஞ்சி மாதிரி ஆகிவிடும் என்று என்னோடு வேலை செய்கிற பெண் எச்சரித்தாள். கஞ்சியோ கூழோ, எனக்கு ரவர் போதும் என்றேன்.

மகளிடம் சொன்னபோது, ஏன் கவலை முகம் போட்ட மலை என்று அவள் கேட்டாள். அங்கேதான் சித்தி எடுத்தால் கேட்கும் என்றேன். "ஓகே" என்றாள். அந்த வயதுப் பிள்ளை ஒன்று அழ வேண்டும், இல்லையென்றால் சண்டை பிடிக்க வேண்டும். இவள் பெரிய மனுஷி மாதிரி ஓகே சொல்லிவிட்டுக் கையுறை தேடப் போனாள்.

இனிப் பொய்க்கு வருகிறேன். ஸ்கீக்குப் போகிறோம் என்று எங்கள் ஆட்களிடம் யாராலும் சொல்லியிருக்க முடியாது. அங்கே சனம் பதுங்குகுழிக்குள் கிடக்கிறது, இவள் மகளோடு பனியில் சறுக்கப் போகிறாளாம் என்று ஒரு கதை கிளம்பினால் அது நகர எல்லை தாண்டி ஸ்ரௌவ்வில்வரை போய்த்தான் நிற்கும். எங்கள் சனத்துக்கு இதற்கென்று எப்போதும் ஒரு மருந்து உண்டு. எங்கே போனாலும் நல்லது கெட்டதுக்குப் போவதாகச் சொல்லிவிட வேண்டும். மொன்றியலில் என் கணவரின் மாமி இருக்கிறா. மாமிக்குச் சுகமில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அண்ணையிடம் வாய் கூசாமல் சொன்னேன். பொய்யை யோசித்தது நான், வேறு யாருமில்லை. கவனமாகப் போய்ட்டு வா, இந்தச் சமயத்தில் மாமியும் இப்படி ஆகிட்டாவே என்று அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார்.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. சப்பாத்து என்ற பெயரில் காலில் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொழுவிவிட்டார்கள். நான் நின்ற இடத்திலேயே இரண்டு முறை விழுந்தேன். மகளுக்கு ஒரு மணி நேரப் பாடம் இருந்தது. நான் கீழே கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, ஜக்கெற்றுக்குள் கையை விட்டுப் போன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முழுச் சிக்னல். தங்கை எடுக்கவில்லை. அண்ணை எடுத்தார். இணையத்தில் வந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினார், எந்தப் பக்கம் ஷெல் விழுந்தது, ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்று. கடைசியில் மாமி எப்படி என்றும் கேட்டார். இப்ப பரவாயில்லை, கஞ்சி குடிக்கிறா என்றேன். ஸ்கீக்களோடு நின்றுகொண்டு சொன்னேன். மகள் பக்கத்தில் வந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை நாங்கள் பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும். மகள் நாற்காலி லிப்றில் ஏறி உச்சிவரை போக ஆசைப்பட்டாள். சின்னப் பிள்ளைகளைத் தனியே ஏற்றமாட்டார்கள், நானும் கூட ஏற வேண்டும். வரிசையில் நிற்கும்போது அண்ணை எடுத்தார். வரிசையை விட்டு விலகி நின்று கேட்டேன். திரும்ப வரிசையில் நின்றோம். திரும்ப எடுத்தார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயர் செத்தவர்களின் பட்டியலில் வந்திருப்பதாகச் சொன்னார். நான் அங்கேயே குந்திவிட்டேன். எழும்பிப் பார்த்தால் மகள் ஸ்கீக்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா," என்றாள், "போனை ஜஸ்ட் ஓஃப் பண்ணுங்கோவன்? வன் ரைம் மட்டும். கீழ வந்தோடன ஓன் பண்ணலாம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உனக்கு மனச்சாட்சி இருக்கா, அங்க உன்ர சித்தி என்ன பாடு படுகிறாள் என்று அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் கத்தினேன். "ஓகே அம்மா" என்றாள். ஸ்கீக்களைத் தூக்கிக்கொண்டு, உடுப்பு மாற்றுகிற கட்டடத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பாரச் சப்பாத்தோடு, ஒரு சொல் முறைப்பாடு இல்லாமல்.

கத்தினதற்கு அழுதிருந்தால்கூட நான் விட்டிருப்பேன். அந்த ஓகேதான் எனக்குத் தாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தினேன். அவள் பார்க்க, ஜக்கெற்றிலிருந்து போனை எடுத்து, பொத்தானை அமத்திப் பிடித்து நிறுத்தினேன். இந்தப் போன் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தேடி இந்த மலைக்கு வந்தோம். நானே என் கையால் நிறுத்தினேன்.

மேலே போனோம். நாற்காலி ஆடும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வரும் வழியில் நான் ஒரு பனிக்குவியலுக்குள் தலைகீழாகப் போய் விழுந்தேன். அவள் என்னைத் தூக்க வந்து என் மேலேயே விழுந்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. நானும் சிரித்தேன். கீழே வந்ததும் இன்னொரு தரம் என்றாள். போனேன். அதற்குப் பிறகும் ஒரு தரம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு மணி நேரமும் எனக்குத் தங்கையின் ஞாபகமே வரவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

சப்பாத்தைக் கழற்றும்போதுதான் போனைத் திரும்பப் போட்டேன். கையில் பிடித்திருக்க விடாமல் அது நடுங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் அண்ணையின் இலக்கம். நான் எடுக்க முந்தியே அவர் எடுத்துவிட்டார்.

"எங்கை நிக்கிறாய் நீ?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

தங்கை எடுத்திருக்கிறாள். முதலில் எங்கள் வீட்டுக்கு. அது என் செல்போனுக்குத் திரும்பி, அங்கேயும் ஆள் இல்லாமல், இங்கிலீஷில் ஒரு பெண்ணின் பதிவுக் குரல் பேசியிருக்கிறது. அதை வைத்துவிட்டு அண்ணைக்கு எடுத்திருக்கிறாள். அண்ணை வழக்கம்போல என்னைக் கொழுவப் பார்த்திருக்கிறார். அதே இங்கிலீஷ்காரி. உடனே, நேரம் போகுதே என்ற அவதியில், தங்கையை லைனில் வைத்துக்கொண்டே மொன்றியலுக்கு எடுத்திருக்கிறார். சுகமில்லாத மாமியே போனை எடுத்திருக்கிறா. எனக்கென்ன, நான் கல்லுமாதிரி இருக்கிறன், இஞ்ச ஒருத்தரும் வரேல்லை, வாறதாயும் சொல்லேல்லை என்றிருக்கிறா. தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அவள் என்ன சொன்னவள்?" என்று கேட்டேன்.

அண்ணை சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

"அக்கா பொய் சொல்லிப்போட்டு ஒரு இடமும் போகமாட்டா எண்டாள். அக்காவுக்கு என்னவோ நடந்திட்டுது, நீங்கள் எனக்கு மறைக்கிறியள் எண்டு அழத் தொடங்கிட்டாள். உடனை போய்ப் பாருங்கோ அண்ணை, உடனை போய்ப் பாருங்கோ எண்டு கத்தினவள். அதோட லைன் கட்டாப் போச்சு."

அண்ணை வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடி, கதவைத் தட்டி, பின்பக்கத்தால் சுற்றி யன்னலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அவள் சொன்னபடியே செய்திருக்கிறார். தலைக்கு மேலே ஷெல் போய்க்கொண்டிருந்த இடத்தில் வரிசையில் நின்று, கிடைத்த இரண்டு நிமிடத்தையும் அவள் எனக்காகப் பயந்து செலவழித்திருக்கிறாள். நான் எங்கே நிற்கிறேன் என்று அண்ணையிடம் அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு, சரி, பிள்ளையைக் கவனமாகக் கூட்டிக்கொண்டு வா, ரோட்டெல்லாம் வழுக்கும் என்றார்.

நானூறாம் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற கார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணையோடு நான் பேசினதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்ட மகள் பின் சீற்றில் இருந்தாள். போனை மடியிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். அன்று அது அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளையோடு விளையாடப் போயிருந்தாள் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதற்காக, அந்தப் பங்குனியும் சித்திரையும் குளிக்கப் போகும்போதுகூடப் போனைக் கொண்டு போனேன். வைகாசியில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரிவியில் காட்டினார்கள். பிறகு முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் வந்தன. அண்ணையும் என் கணவரும் மாறி மாறி இருந்து தேடினார்கள். வெளியே வந்த சிலரோடு பேசவும் கிடைத்தது. ஒருவர் சித்திரையில் கண்டதாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். அவளும் இல்லை, புருஷனும் இல்லை, அந்தச் சின்னதும் இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் எப்படிப் போனாள் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் போகும்போது, அக்கா செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு போனாளா, அதற்குப் பிறகு எப்படியாவது யாராவது சொல்லி அறிந்திருப்பாளா என்று மட்டும் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. யாரிடம் கேட்பது?

ஆனித் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை இவ்வளவு நாளும் இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது.

"அம்மா, சித்தி எடுத்த நேரம், ஓஃப் பண்ணச் சொன்னது நான்தானே?"

"இல்லைக் குஞ்சு," என்றேன். "நான் ஓஃப் பண்ணேல்லை. உனக்காகச் சும்மா பாவனை காட்டினனான். போன் முதலே நிண்டுபோச்சு. சார்ஜ் இல்லை. முதல் நாளிரவு போட மறந்திட்டன்."

"ரியலி?"

"உண்மையா. பிழை அம்மான்ரதான்."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. மொன்றியல் பொய்யைச் சொல்லும்போது கூசாத வாய் இதற்கும் கூசவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றப் போனாள். நம்பினாளா இல்லையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவளுக்கு இருபது வயது கடந்து சில வருடங்களாகிவிட்டன, வேலைக்குப் போகிறாள். யூனியன்வில்லில் எங்கள் புது வீட்டில் ஒவ்வோர் அறையிலும் ஒரு சார்ஜர் இருக்கிறது, எல்லாம் அவள் வாங்கிப் போட்டவை. படுக்கப் போகுமுன் என் போனையும் தகப்பனுடையதையும் தேடி எடுத்துச் செருகிவிட்டுத்தான் போவாள். நான் பால் வாங்கப் பக்கத்துக் கடைக்கு இறங்கினாலும் வாசல்வரை வந்து, "அம்மா, எவ்வளவு பேர்சன்ட் இருக்கு?" என்று கேட்பாள். நான் எடுத்துக் காட்டுவேன்.